கூப்பிட்டால் போங்கள்

டிசம்பர் நெருங்கினால் போதும், எங்கள் சபையில் புதிதாகக் கல்யாணமான பிள்ளைகள் ஒரு கேள்வியோடு வந்துவிடுவார்கள். "ஆன்ட்டி, எங்க வீடு சின்னது. ஹால்ல நாலு பேர் உட்கார்ந்தா அஞ்சாவது ஆள் வாசல்லதான் நிக்கணும். கிறிஸ்மஸுக்கு யாரைக் கூப்பிடுறது, என்ன சமைக்கிறது?"

நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன். "தீபாவளிக்கு எத்தனை வீட்டுக்குப் போனீங்க? பெருநாளுக்கு?"

சிரித்து மழுப்புவார்கள். லீவு கிடைக்கவில்லை, பிள்ளைக்குச் சளி, வெறுங்கையோடு போக முடியாது, போய்விட்டால் அப்புறம் அவர்களையும் நாம் கூப்பிட வேண்டும் என்று காரணங்கள் வரும். அந்தக் கடைசிக் காரணத்தில்தான் விஷயமே இருக்கிறது. கொடுக்க நமக்குப் பிடிக்கிறது, கடன்படப் பிடிக்கவில்லை. யாரிடமும் எதுவும் வாங்காமல் விருந்து மட்டும் வைத்துவிட வேண்டும் என்று பார்க்கிறோம். அது ஆகிற காரியமில்லை. விருந்தாளியாக இருக்கப் பழகியவர்களுக்குத்தான் விருந்து வைக்க வரும். ஒரு சின்ன வீட்டில் இத்தனை காலம் குடும்பம் நடத்தியதில் நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். அதை இன்றைக்குக் கொஞ்சம் நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் வரிசை

ஜோகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி போகும் சாலையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வந்தால் உலு திராம். ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரம், பிறகு செம்பனை. இப்போது டேசா செமெர்லாங், புத்ரி வங்சா, காயா, புக்கிட் திராம் என்று தாமானுக்குப் பக்கத்தில் தாமான். தோட்டத்து லயங்களில் இருந்த நம் ஆட்கள் பலர் இந்த ஒட்டு வீடுகளுக்கு வந்து தலைமுறை மாறிவிட்டது. பாதி வீடுகளில் யாராவது ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். விடியற்காலை நான்கு மணிக்கே மோட்டார் சத்தம் கேட்கும். காஸ்வேயில் நெரிசல் தொடங்குவதற்குள் பாலத்தைத் தாண்டிவிட வேண்டும் என்ற அவசரம். என் வீட்டுக்காரரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

எங்கள் வீட்டுக்கு இடது பக்கம் ஒரு மலாய்க் குடும்பம், வலது பக்கம் ஒரு சீன ஆன்ட்டி, எதிரே தமிழ் இந்துக் குடும்பம். சுற்றுலாத் துறை விளம்பரம் மாதிரி இருக்கிறது என்று நீங்கள் சிரிக்கலாம். இந்த நாட்டுத் தாமான்களில் இருப்பவர்களுக்கு இது சாதாரணம். நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் யார் இருமுகிறார்கள், யார் சம்பல் இடிக்கிறார்கள் என்பது தானாகத் தெரியும். வீட்டில் ஒரு ஹால், சின்ன அறைகள், பின்பக்கம் தகரம் போட்டு நீட்டிய அடுப்படி. பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி மூலையில் வைத்திருக்கிறேன். ஆள் கூடினால் பாய் விரிப்போம். இதுதான் நான் விருந்து வைக்கும் மாளிகை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு போன கதை

இந்தப் பிள்ளைகளுக்கு விருந்தாளியாகப் போகத் தெரியவில்லை என்று முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஜோகூர்க்காரர்களுக்கு இது தெரியும், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். 2014 ஜனவரி 1 முதல் எங்கள் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளி, சனி என்று மாறியது. அரசாங்க அலுவலகமும் பள்ளிக்கூடமும் ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்தன. தனியார் கம்பெனிகள் பல பழையபடி சனி, ஞாயிறே விடுமுறை விட்டன. சிங்கப்பூரில் வேலை செய்பவர்களுக்கும் ஞாயிறுதான். ஆக, ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஞாயிறு லீவு, பிள்ளைக்கு வெள்ளி லீவு. அதற்கு முன்பெல்லாம் காலை ஆராதனை முடிந்தால் யாரும் யாரையும் சும்மா விடமாட்டார்கள். "வீட்டுக்கு வாங்க, ரசமும் அப்பளமும்தான்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். போனால் ரசத்தோடு கோழிப் பிரட்டலும் நெத்திலிச் சம்பலும் இருக்கும். இந்த வாரம் இவர் வீடு என்றால் அடுத்த வாரம் இன்னொருவர் வீடு. யாரும் அட்டவணை போட்டதில்லை.

விடுமுறை மாறியதும் அது உடைந்தது. சில சபைகள் வெள்ளிக்கிழமைக்கு ஆராதனையை மாற்றிப் பார்த்தன. சில சபைகளில் ஞாயிறு மாலையில் பள்ளிச் சீருடையோடு வந்து உட்காரும் பிள்ளைகள் இருந்தார்கள். ஆராதனை எப்படியோ நடந்தது. அதற்குப் பிறகு வரும் சாப்பாடுதான் நின்றுபோனது. மறுபடி சனி, ஞாயிறு விடுமுறை வந்தது 2025 ஜனவரி 1-இல். நடுவில் 11 வருஷம். அப்போது பத்து, பன்னிரண்டு வயதில் இருந்தவர்கள்தான் இன்றைக்கு "யாரைக் கூப்பிடுறது ஆன்ட்டி?" என்று கேட்கும் தம்பதிகள். இன்ஸ்டாகிராமில் கிறிஸ்மஸ் மேசையை எப்படி அலங்கரிப்பது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பிறர் வீட்டுப் பாயில் உட்கார்ந்து, கொடுத்ததைச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு வரும் பழக்கத்துக்குத்தான் வாய்ப்பே இல்லாமல் போய்விட்டது.

விருந்தாளியாகவே இருந்தவர்

வேதத்தைக் கொஞ்சம் இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். இயேசுவுக்குச் சொந்த வீடு இருந்ததாகத் தெரியவில்லை. சுவிசேஷங்களில் அவர் பெரும்பாலும் யாருடைய வீட்டிலாவது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கானா ஊர்க் கல்யாணத்தில் விருந்தாளி. பெத்தானியாவில் மார்த்தாள் வீட்டில் விருந்தாளி. சகேயு கூப்பிடவேகூட இல்லை. மரத்தின் மேல் இருந்தவனைப் பார்த்து, இன்றைக்கு உன் வீட்டில் தங்கப்போகிறேன் என்று தானாகச் சொல்லிவிடுகிறார். யாக்கோபின் கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் முதலில் அவர் கேட்டது குடிக்கத் தண்ணீர். கொடுக்கிறேன் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது.

எலியா தீர்க்கதரிசியின் கதையும் அப்படித்தான். பஞ்ச காலத்தில் சாறிபாத் ஊர் விதவையிடம் கடைசியாக மிச்சமிருந்தது ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும். அதை எனக்கு முதலில் அப்பமாகச் சுட்டுக் கொடு என்று கேட்கிறார். சின்ன வயதில் இது எனக்கு நியாயமாகவே படவில்லை. ஏழையிடம் போய்க் கேட்கலாமா? வயதாக ஆக வேறு மாதிரி தெரிகிறது. அந்தப் பெண்ணை அதுவரை எல்லோரும் இல்லாதவளாகத்தான் பார்த்திருப்பார்கள். இவர் அவளைக் கொடுக்கிறவளாகப் பார்த்தார். ஒருவரிடம் கேட்பதிலும் மரியாதை இருக்கிறது.

இங்கே நன்றாக வேதம் படிப்பவர்கள் ஒரு தடை சொல்வார்கள். லூக்கா 14-ஆம் அதிகாரத்தில், விருந்து வைக்கும்போது பதிலுக்கு அழைக்கக்கூடிய சிநேகிதரையும் பணக்கார அயலாரையும் கூப்பிடாதே, திருப்பிக் கொடுக்க முடியாத ஏழைகளைக் கூப்பிடு என்று இயேசு சொல்லியிருக்கிறாரே, நீங்கள் போய் வருவதும் வந்து போவதும் பற்றிப் பேசுகிறீர்களே என்பார்கள். சரியான கேள்விதான். ஆனால் அதே அதிகாரத்தின் முதல் வசனத்துக்குப் போங்கள். இதையெல்லாம் அவர் எங்கே இருந்து சொல்கிறார்? ஒரு பரிசேயத் தலைவர் வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறார். பதிலுக்குக் கூப்பிடுவார்கள் என்று கணக்குப் போட்டு விருந்து வைக்காதே என்கிறார். கூப்பிட்ட இடத்துக்குப் போகாதே என்று எங்கும் சொல்லவில்லை. நாமோ தலைகீழாக, கணக்குப் போட்டுக் கூப்பிடுகிறோம், கணக்குப் போட்டுத்தான் போகாமலும் இருக்கிறோம்.

வெள்ளாளன்விளைக்காரர் கேட்டது

இந்த விஷயத்தை உலகத்துக்கு முன்னால் எழுந்து நின்று சொன்ன ஒரு தமிழர் இருக்கிறார். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உருவாக முன்னால் நின்றவர். 1912-இல் தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் என்ற பெயர் பெற்றவர். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1910-இல், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரதிநிதிகளில் ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. அசரியாவுக்கு அப்போது 35 வயது.

மேடையேறியவர், எங்களுக்குப் பள்ளி கட்டினீர்கள், மருத்துவமனை கட்டினீர்கள் என்று புகழ்ந்துவிட்டு இறங்கியிருக்கலாம். அவர் பேசியது வேறு. வெள்ளை மிஷனரியும் இந்திய ஊழியரும் சேர்ந்து வேலை செய்கிறார்கள், ஆனால் அவர்களுக்குள் நட்பு இல்லை. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வருவதும் கூட உட்கார்ந்து சாப்பிடுவதும் அரிது என்று சபை நடுவே சொன்னார். எங்களுக்காகப் பொருளையும் உயிரையும் கொடுத்தீர்கள், அதற்கு இந்தியத் திருச்சபை என்றைக்கும் நன்றியோடு இருக்கும். ஆனால் எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்று முடித்தார். கேட்டவர்களில் சிலர் நெளிந்தார்கள், சிலருக்குக் கோபம் வந்தது. நூறு வருஷத்துக்கும் மேலாகிவிட்டது, அந்த மாநாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றைக்கும் அவருடைய பேச்சைத்தான் முதலில் நினைவுகூர்கிறார்கள்.

வெள்ளைக்காரரை மட்டும் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன், தன் ஊழியர்கள் சாதி பார்க்காமல் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று அன்பின் விருந்து வைத்தபோது, சாப்பிட மறுத்து வேலையை விட்டுப் போனவர்கள் இருந்தார்கள். ஞானஸ்நானம் வாங்கியவர்கள்தான். இங்கே தோட்டத்து லயத்திலும் சில வீடுகளில் தனி டம்ளர் இருந்ததாகப் பாட்டி சொல்வார். சாதி பார்க்கிறவர் யாருக்கு வேண்டுமானாலும் சோறு போட்டுவிடுவார். யார் கையால் வாங்கிச் சாப்பிடுவார் என்று பாருங்கள், அங்கேதான் அவருடைய சாதி இருக்கிறது. அதனால்தான் ஒரு வீட்டின் விருந்தோம்பலை, எத்தனை பேருக்கு ஆக்கிப் போட்டார்கள் என்பதை வைத்து நான் அளப்பதில்லை. அந்த வீட்டார் எத்தனை வீட்டில் சாப்பிட்டிருக்கிறார்கள் என்றுதான் பார்க்கிறேன்.

வாங்கிய காலம்

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. காஸ்வே மூடியது. சிங்கப்பூரில் வேலை செய்த ஆயிரக்கணக்கான ஜோகூர்க்காரர்கள் அந்தப் பக்கமே தங்க வேண்டியதாயிற்று. தரை வழிப் பயணம் பழையபடி முழுதாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-இல்தான். எங்கள் வீட்டிலும் வீட்டுக்காரர் அங்கே, நானும் பிள்ளைகளும் இங்கே. 2020-இல் ஈஸ்டர் ஆராதனை கைபேசித் திரையில் நடந்தது.

அடுத்து வந்தது ரமலான். நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் பக்கத்து வீட்டு மாக்சிக் வேலிக்கு மேலே ஒரு கிண்ணத்தை நீட்டுவார். ஒரு நாள் புபூர் லம்போக், ஒரு நாள் வாழைப்பழப் பெங்காட், ஒரு நாள் வெறும் பேரீச்சம்பழம். "பிள்ளைகள் சாப்பிட்டார்களா?" என்று மலாயில் கேட்பார், அவ்வளவுதான். வலது பக்கத்துச் சீன ஆன்ட்டி மளிகைக்குப் போகும்போதெல்லாம் எங்களுக்கும் முட்டை வாங்கி வருவார். ஒரு குடும்பத்தில் ஒருவர்தான் வெளியே போகலாம் என்ற காலம் அது. அந்த மாதங்களில் நான் கொடுத்ததைவிட வாங்கியதுதான் மிக அதிகம். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுமையாகக் கொடுக்கக் கூடாது என்பது நம் வழக்கம், மாக்சிக் வீட்டு வழக்கமும் அதுதான். ஆனாலும் சில நாள் போட்டுக் கொடுக்க என்னிடம் கறிவேப்பிலைக் கொத்து மட்டும்தான் இருந்தது. அதைத்தான் போட்டுக் கொடுத்தேன். மாக்சிக் அதில் மீன்கறி வைத்து, அடுத்த நாள் அதே கிண்ணத்தில் எனக்கும் அனுப்பினார்.

2021 ஜூன் கடைசியில் வெள்ளைக் கொடி இயக்கம் தொடங்கியதை மலேசியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டில் அரிசி இல்லாதவர்கள், வேலை போனவர்கள், வாய்விட்டுக் கேட்க வேண்டாம், ஒரு வெள்ளைத் துணியை வெளியே கட்டினால் போதும், அக்கம்பக்கத்தார் பார்த்து உதவுவார்கள் என்று சமூக ஊடகத்தில் பரவியது. நாடு முழுக்கப் பலர் கட்டினார்கள். உணவுப் பொட்டலங்களும் அரிசி மூட்டைகளும் வந்து சேர்ந்தன. கொடி கட்டுவது தோல்வியை ஒப்புக்கொள்வது என்று சொன்ன அரசியல்வாதிகளும் இருந்தார்கள். எனக்கு அப்போது தோன்றியது, அந்தத் துணியைக் கட்டுவதற்குத்தான் அதிகத் தைரியம் வேண்டும் என்று. அரிசி கொடுப்பதற்கு ஒரு கடையும் கொஞ்சம் பணமும் போதும். எனக்கு வேண்டும் என்று தெருவுக்கே தெரியும்படி சொல்வதற்குக் கர்வத்தை விட வேண்டும்.

நன்றியை யாரிடம் சொல்வது

தமிழ்ச் சபைகளில் ஸ்தோத்திரக் காணிக்கை வாசிப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிறந்தநாள், கல்யாண நாள், அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது, பிள்ளை எஸ்பிஎம் பாஸ் ஆனது என்று உறைகளில் எழுதியிருப்பதைப் போதகர் ஒவ்வொன்றாக வாசிப்பார். எனக்கு மிகவும் பிடித்த நேரம் அது. ஊரில் யாருக்கு என்ன நடந்தது என்பது முழுதும் தெரிந்துவிடும்.

ஆனால் அந்த உறைகளில் மனிதர்கள் பெயர் அபூர்வமாகத்தான் இருக்கும். நள்ளிரவில் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைக்குக் கார் ஓட்டிக்கொண்டு போன எதிர்வீட்டு அண்ணன் எங்கே? ரத்தம் கொடுத்தவர் எங்கே? கல்லூரிக் கட்டணத்துக்குச் சீட்டுப் பணத்தை முன்கூட்டி எடுத்துக் கொடுத்த பிரதர் எங்கே? தேவனுக்கு நன்றி சொல்லிவிட்டால் மனிதர்களுடைய கணக்கு முடிந்துவிட்டது என்று ஓர் எண்ணம் நமக்கு. குணமான குஷ்டரோகிகள் பத்துப் பேரில் திரும்பி வந்தவன் ஒருவன்தான், அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேருக்கும் மனசுக்குள் நன்றி இல்லாமலா இருந்திருக்கும்? நடந்து திரும்பி வரவில்லை, அதுதான் வித்தியாசம்.

பள்ளியில் குறள் படித்தவர்கள் அறத்துப்பாலின் வரிசையை நினைத்துப் பாருங்கள். எட்டாவது அதிகாரம் அன்புடைமை, ஒன்பதாவது விருந்தோம்பல், பத்தாவது இனியவை கூறல், பதினொன்றாவது செய்ந்நன்றி அறிதல். விருந்துக்கும் நன்றிக்கும் நடுவே நல்ல வார்த்தையை வைத்திருக்கிறார்கள். வாய்திறந்து சொல்லாத நன்றி பாதி வழியில் நின்றுவிடுகிறது.

எங்கள் வீட்டில் இதற்காக ஒரு சின்ன ஏற்பாடு. ஸ்தோத்திர ஜெபம் வைத்தால், யார் மூலமாக அந்த நன்மை வந்ததோ அவர் பெயரைச் சொல்லி ஜெபிப்போம். பிறகு அந்த வாரத்துக்குள் அவர் வீட்டுக்குக் குடும்பமாகப் போவோம். அவரை நம் வீட்டுக்கு வரவழைத்து நன்றி சொல்வது வேறு. அப்போதும் நாம்தான் கொடுக்கிறவர்கள். அவர் வீட்டுக்குப் போய், அவர் போடும் தேநீரைக் குடித்து, "நீங்க அன்னிக்கு வந்திருக்காட்டி நாங்க என்ன ஆகியிருப்போம்னு தெரியல" என்று சொல்லிவிட்டு வருவதில் ஒரு பணிவு இருக்கிறது. பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்க வேண்டும். தனியாக நன்றியைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

பாட்டியிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து ஒரு மைலோ டின்னில் போடுவார். டின் நிறைந்தால் சபைக்கோ, சோறில்லாத வீட்டுக்கோ போகும். மிசோரத்தில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-இல் இதே மாதிரி ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கத் தொடங்கினார்கள், அதற்குப் புஃபாய் தாம் என்று பெயர். இன்றைக்கு வருஷத்துக்குப் பல கோடி ரூபாய் மதிப்புக்கு அரிசி சேருகிறது, சபையின் பெரிய வருமானங்களில் அதுவும் ஒன்று. இந்த வழக்கத்தில் எனக்குப் பிடித்தது, மிச்சமானதைக் கொடுப்பதில்லை என்பது. நாம் சாப்பிடுவதற்கு முன்பே இன்னொருவருக்கும் இதில் பங்கு உண்டு என்று எடுத்து வைப்பது. தினமும் செய்வதால் அது பெருமையாகவும் தெரியாது.

அடுப்படி விஷயங்கள்

சரி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். சின்ன வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு வைக்க முடியுமா? தாராளமாக முடியும். சில விஷயங்களைப் பார்த்துக்கொண்டால் போதும்.

கேக்கில் ரம் வேண்டாம். உலர்ந்த திராட்சையை ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்தால் ருசி ஒன்றும் குறையாது, யாருக்கும் தயங்காமல் ஒரு துண்டு வெட்டிக் கொடுக்கலாம். கோழி, ஹலால் முத்திரை உள்ள கடையில் வாங்குங்கள். முத்திரை இருந்தாலும் நம் வீட்டுச் சட்டி பானையில் சமைத்ததைச் சாப்பிட மலாய் அண்டை வீட்டாரில் சிலர் தயங்குவார்கள். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழம், பேக்கட் பானம், ஹலால் பேக்கரியில் வாங்கிய பலகாரம், புதுக் காகிதத் தட்டு இவற்றைத் தனியாக வைத்துவிட்டு, எது எங்கே சமைத்தது என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். சாப்பிடாவிட்டாலும் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள். இந்து நண்பர்கள் வரும் நாளில் மாட்டிறைச்சி அடுப்பில் ஏற வேண்டாம். வெள்ளிக்கிழமை என்றால் சைவம் எவ்வளவு பேர் என்று முதலிலேயே கேளுங்கள். சீன நாட்காட்டியில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் சாப்பிடும் சீனர்கள் உண்டு. கேட்பதால் ஒன்றும் குறைந்துவிடாது. உங்களைப் பற்றி யோசித்தோம் என்று அந்தக் கேள்வியே சொல்லிவிடும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. தீபாவளிக்கு எதிர்வீட்டுக்குப் போனால் படைத்த பலகாரத்தைச் சாப்பிடலாமா என்று நம் ஆட்கள் கேட்பார்கள். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பத்தாம் அதிகாரத்தில், அவிசுவாசி கூப்பிட்டுப் போக மனம் இருந்தால் போ, முன்னால் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு, இது படைத்தது என்று ஒருவர் சொன்னால் மட்டும் அவருக்காக விட்டுவிடு என்ற பொருளில் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு விதமாக இதைக் கடைப்பிடிக்கிறது, நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. எங்கள் எதிர்வீட்டு அக்கா என்ன செய்கிறார் தெரியுமா? நாங்கள் கேட்கவே இல்லை. அதிரசமும் முறுக்கும் சுட்டதும், படையலுக்கு எடுப்பதற்கு முன்பே எங்களுக்கு என்று ஒரு டப்பாவில் எடுத்து மூடி வைத்துவிடுகிறார். "இது சாமிக்கு வைக்கிறதுக்கு முன்னாடி எடுத்தது, பிள்ளைங்க தைரியமா சாப்பிடட்டும்" என்பார். அவருடைய பண்டிகையில், அவருடைய சாமிக்கும் முன்னால் எங்கள் மனசாட்சிக்கு ஓர் இடம். விருந்தோம்பலைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்கள் எல்லாவற்றையும்விட அந்த டப்பா எனக்கு அதிகம் கற்றுக் கொடுத்தது.

பிறகு ஒரு ரகசியம். நாற்காலியை வாங்காதீர்கள், இரவல் கேளுங்கள். பெரிய குவாலியையும் கேளுங்கள். மாக்சிக் வீட்டு நாற்காலி நம் ஹாலில் இருந்தால் அவர் வெறும் விருந்தாளி இல்லை, அவருக்கும் அந்த விருந்தில் ஒரு பங்கு வந்துவிடும். சாப்பிட்ட பிறகு யாராவது பாத்திரம் கழுவ எழுந்தால் "ஐயோ வேண்டாம், விடுங்க" என்று தடுக்காதீர்கள், சோப்பு எங்கே என்று காட்டுங்கள். மார்த்தாள் அலுத்துக்கொண்டது வேலை அதிகமாக இருந்ததால். வேலை அதிகமானது, நான் நினைக்கிறேன், பதார்த்தம் அதிகமானதால். முறுமுறுக்காமல் உபசரியுங்கள் என்று பேதுரு எழுதினார். சோறு, ஒரு கறி, ஒரு காய், ரசம் என்று வைத்துக்கொண்டால் முறுமுறுப்பு பெரும்பாலும் வராது. அன்றாடம் சாப்பிடும் சாப்பாட்டையே கூட ஒரு தட்டு வைத்துப் பகிர்ந்தால், வருகிறவர் மறுபடியும் கூச்சமில்லாமல் வருவார்.

பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். பிறர் வீட்டில் வைத்ததை முகம் சுளிக்காமல் சாப்பிட வேண்டும், தட்டைத் தொட்டியில் கொண்டுபோய் வைக்க வேண்டும், சமைத்தவரிடம் போய் "நல்லா இருந்துச்சு ஆன்ட்டி" என்று சொல்ல வேண்டும். கைபேசி பையில் இருக்கட்டும்.

ஆகவே, அன்புள்ள புதுத் தம்பதிகளே, இந்த வருஷம் கிறிஸ்மஸ் மெனு போடுவதற்கு முன்பு ஒரு பட்டியல் போடுங்கள். உங்களைக் கூப்பிட்டு நீங்கள் போகாமல் விட்ட வீடுகள் எவை எவை? தீபாவளி முடிந்துவிட்டதே என்று யோசிக்க வேண்டாம். "அன்னிக்கு வர முடியல, இந்த ஞாயித்துக்கிழமை வரட்டுமா?" என்று ஒரு போன் போடுங்கள். இப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை நமக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறதே. அந்த வீடுகளில் ஒருவேளை சாப்பிட்டு வந்தபின் கிறிஸ்மஸுக்கு யாரைக் கூப்பிடுவது என்ற கேள்வி உங்களுக்கு இருக்காது.

டிசம்பர் 25, காலை ஆராதனை முடிந்து வந்ததும் எங்கள் வீடு திறந்திருக்கும். வெறுங்கையோடு வாருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் வீட்டில் எது நன்றாக வருமோ அதைக் கொஞ்சம் கொண்டு வாருங்கள். நாற்காலி இருந்தால் அதையும் தூக்கி வாருங்கள்.